ஆறப்போட்ட ரத்தம்

உடுமலைப்பேட்டை
14.2.2006

அன்புமிக்க சம்பந்தியம்மாள் மருதாள் அவர்களுக்கு,

சுப்புலட்சுமி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே சம்பந்தி, மாப்பிள்ளை முகிலன், என் மகள் மைதிலி, உங்கள் பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள் வரை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நாம் இருவரும் இனிமேல் போனில் பேசவே கூடாது, எதுவானாலும் கடிதம்தான் என்று மாப்பிள்ளை தீபாவளிக்குச் சட்டம் போட்டாலும் போட்டார், எனக்கு எழுதி எழுதி விரல் காய்த்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடைசியாக நாம் பேசியது முறுக்கில் தொடங்கி, கல்யாணத்தில் உங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பந்தியில் இடம் கிடைக்காத கதைக்குப் போய், போனை முதலில் வைத்தது யார் என்பதில் முடிந்தது. கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை. தபால் தலை ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது.

இன்று எழுதுவது நல்ல சேதி. மைதிலி போனில் ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துக் காட்டினாள். போன வருஷம் அவளுக்கு முகத்தில் சிவப்பும் மூட்டு வலியும் வந்து, கோவை டாக்டர் அதற்கு லூபஸ் என்று பெயர் சொன்ன நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் திருப்பி அடிக்கிற நோய் என்றார். அது ஆறு மாதமாவது அடங்கிக் கிடந்தால்தான் பிள்ளை பெறுவதைப் பற்றி யோசிக்கலாம், அடங்கியதா என்று தெரிந்துகொள்ள சி-3, சி-4 என்று ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்றார். அந்த சி-3 போன தடவை எண்பத்தெட்டு இருந்ததாம். இப்போது ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டதாம். சி-4 கூட இறங்கிவிட்டது. கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முந்நூறிலிருந்து இறங்குவதற்கு நான் இரண்டு வருஷம் அவர் கையிலிருந்து ஜாங்கிரியைப் பிடுங்க வேண்டியிருந்தது. என் மகள் ஒருவரும் சொல்லாமலே இறக்கிக் காட்டிவிட்டாள். உடனே அவரையும் அழைத்துக்கொண்டு திருமூர்த்தி மலைக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். இறங்கின சி-3 இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் சாமி என்று மனமுருக வேண்டிக்கொண்டு வந்தேன். பொங்கலில் பாதியை அவரே சாப்பிட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. உங்கள் நாத்தனார் தெய்வாத்தாள் தைப்பூசத்தன்று உங்கள் வீட்டுக்கு வந்து, பெருமாநல்லூரில் ஒரு பெண் இருக்கிறது, முகிலனுக்கு மறுபடி ஒரு வழி செய்துவிடலாம் என்று சொன்னாராமே. மைதிலி சமையலறையில் இருந்தபடி அதைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் சொன்ன பதில் மட்டும் அவள் காதில் விழவில்லையாம். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் பிள்ளை இல்லை, உடம்பும் சரியில்லை என்று என் மகளைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், அதை நான் தெய்வாத்தாள் வாயிலிருந்து கேட்கக் கூடாது. அன்றைக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

லாரி ஆபீசில் ஒரு மூட்டை தேங்காய் போட்டிருக்கிறேன்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
சுப்புலட்சுமி


நெருப்பெரிச்சல்
23.2.2006

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு மருதாள் வணக்கம் சொல்லி எழுதுவது.

தேங்காய் வந்து சேர்ந்தது. போன தடவைக்கு இந்தத் தடவை காய் கொஞ்சம் சிறுத்திருக்கிறது. அங்கே மழை இல்லை போலிருக்கிறது. சட்னிக்கு நன்றாகத்தான் இருக்கிறது, குறையாகச் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஐரோப்பா ஆர்டரில் கழுத்து அளவு தப்பி, கட்டிங் மாஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். அதற்குள் கோவை டாக்டரையும் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். நீங்கள் வைத்த பொங்கலைக் குறை சொன்னால் சாமி குற்றமாகிவிடும். ஆனால் சி-3 இறங்குவது நல்லதில்லையாம்.

நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். டாக்டர் அறைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக, எல்லாம் எறங்கிருச்சுங்க டாக்டர், உங்க கைராசிதானுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏனுங்கம்மா, இது சர்க்கரை இல்லீங்க" என்று ஆரம்பித்து, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற வரைக்கும் விளக்கினார். மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். முகிலன் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அவர் சொன்னது இதுதான். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு கூட்டம் புரதம் இருக்கிறதாம். சி-1 முதல் சி-9 வரை பெயர் வைத்திருக்கிறார்கள். உடம்புக்குள் கிருமி வந்தால் ஒன்று மற்றொன்றைத் தட்டி எழுப்பி, கூட்டமாகப் போய்த் தாக்குமாம். மைதிலி உடம்பில் கிருமி இல்லாமலே சண்டை நடக்கிறது. சண்டையில் அவை செலவாகின்றன, செலவாக ஆக ரத்தத்தில் இருப்பு குறைகிறது. இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. குடோனில் நூல் இருப்பு சரசரவென்று இறங்கினால் உள்ளே மெஷின் நிற்காமல் ஓடுகிறது என்று அர்த்தம். இவள் உடம்பில் ஓடுவது யாரும் கேட்காத ஆர்டர். மெஷின் நிற்க வேண்டும், இருப்பு ஏற வேண்டும். இதை டாக்டரிடம் சொன்னதும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. ரிப்போர்ட் வந்த அன்று நானும் கம்பெனியில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் ரோஸ்மேரி, தேனிப் பக்கத்துப் பெண், தினமும் என்னைக் கண்டதும் "இன்னும் எறங்கிருக்காம்மா" என்று ஆசையாகக் கேட்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல், பார்க்கலாம் என்று நழுவிக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். அதில் முகம் உப்புகிறது. மைதிலி கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று ஹாலில் இருந்த பெரிய கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். அது தெரியாமல் எங்கள் வீட்டுக்காரர் துணியைப் பார்த்தபடியே சவரம் செய்து கன்னத்தைக் கீறிக்கொண்டார். வெயிலில் போகக் கூடாது என்பதால் அவளைத் துணி உலர்த்தக்கூட மாடிக்கு விடுவதில்லை.

தெய்வாத்தாள் விஷயம் கேட்டிருந்தீர்கள். வருகிறவர்கள் வருவார்கள், பேசுகிறவர்கள் பேசுவார்கள். கேட்டைப் பூட்டிவைக்க முடியுமா. காபி கொடுத்து அனுப்பினேன்.

இப்படிக்கு,
மருதாள்


உடுமலைப்பேட்டை
6.3.2006

அன்புள்ள சம்பந்தியம்மாளுக்கு,

காய் சிறுத்ததற்கு நான் என்ன செய்ய. அடுத்த தடவை ஒவ்வொன்றாக அளந்து பார்த்து அனுப்பச் சொல்கிறேன், உங்கள் ஐரோப்பாக்காரர்கள் மாதிரி.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இறங்கட்டும் என்று நானே சாமியிடம் கேட்டிருக்கிறேனே. மறுநாளே மலைக்கு ஓடினேன். வேண்டினதைத் திரும்ப வாங்க முடியுமா என்று பூசாரியிடம் கேட்டேன். அந்த மாதிரி வழக்கம் இங்கே இல்லீங்க, வேண்டுமானால் புதிதாக ஒன்று வேண்டிக்கொண்டு போங்க என்றார். மறுபடி பொங்கல் வைத்து, ஏற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் ஒரே குழப்பம். "சக்கரை எறங்கோணும், சி-3 ஏறோணும். ஒரே குடும்பத்துக்கு ரெண்டு சட்டமா" என்கிறார். இரண்டாவது பொங்கலிலும் பாதி அவருக்குத்தான் போனது.

நூல் இருப்பு, மெஷின் என்று நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் கேட்டது நூலைப் பற்றி இல்லை. தெய்வாத்தாளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டால், காபி கொடுத்தேன் என்று எழுதுகிறீர்கள். காபி ஒரு பதிலா.

மைதிலி என்னோடு போனில் பேசும்போது அழுவதில்லை. மாத்திரை எப்போது, சாப்பாடு என்ன, மாமாவின் கன்னம் எப்படி என்று கணீரென்று சொல்கிறாள். அவள் அழாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அழுகிற பெண்ணுக்கு அந்த வீடு தன் வீடு என்று ஒரு நினைப்பாவது இருக்கும்.

கண்ணாடியை மூடினீர்கள் என்று படித்தபோது உங்கள்மேல் எனக்குப் பிரியம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
சுப்புலட்சுமி


நெருப்பெரிச்சல்
19.6.2006

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பீர்கள். ஏற்றுமதி சீசன் இங்கே ஆளைப் பிழிந்துவிட்டது. நீங்களும் எழுதவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

முதலில் நல்லது. சி-3, சி-4 இரண்டும் ஏறி, இருக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டன. சிறுநீரிலும் கோளாறு இல்லை. முகச் சிவப்பு போய்விட்டது. உங்கள் இரண்டாவது பொங்கலை சாமி ஒப்புக்கொண்டார் போலிருக்கிறது. இந்தத் தடவை ஜிலேபி வாங்கும் முன்பே முகிலனை டாக்டருக்குப் போன் செய்து கேட்கச் சொன்னேன். ஏறினால் நல்லதுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினேன். ரோஸ்மேரி மட்டும், அப்ப போன தடவ தின்னது எதுக்கும்மா என்று கேட்டாள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கை வராத விஷயம். எதற்கும் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சி.ஹெச்-50 என்று இன்னொரு பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். சி-3, சி-4 என்பது குடோன் இருப்பைப் பார்ப்பது. இது தையல் லைனையே ஓட்டிப் பார்ப்பது. ஓரம் இணைக்கிற ஓவர்லாக் ஆள், மடிப்புத் தைக்கிற ஃபிளாட்லாக் ஆள், லேபிள் வைக்கிற ஆள் என்று எல்லோரும் மெஷினில் உட்கார்ந்திருந்தால்தான் கடைசியில் பனியன் விழும். ஒருவர் வராவிட்டாலும் பீஸ் வராது. ஆய்வகத்தில் ஆட்டின் சிவப்பு அணுக்களை ரத்தத்தின் தெளிநீரோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். காம்ப்ளிமென்ட் கூட்டம் முழுசாக வேலை செய்தால் அந்த அணுக்களை உடைத்துவிடுமாம்.

மைதிலியின் தெளிநீர் ஒன்றையும் உடைக்கவில்லை. வேலை அநேகமாகப் பூஜ்யம் என்று வந்திருக்கிறது. நூல் இருக்கிறது, பீஸ் வரவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கூட்டத்தில் ஒன்று இல்லாமல் போகலாம், அது வம்ச வழியில் வருவது, அப்படிப்பட்டவர்களுக்கு லூபஸ் வருவதும் உண்டு என்று டாக்டர் சொன்னார். பெற்றவர்களையும் கூடப் பிறந்தவரையும் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுவரை பிள்ளைப் பேச்சு வேண்டாம் என்றார். ரத்தத்தை ஒழுங்காக வைத்திருந்துதானே அனுப்பினீர்கள் என்று என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார். மூணு தேசத்துக்குச் சேம்பிள் அனுப்பறவளுங்க நான், எனக்குத் தெரியாதுங்களா என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நேராகவே கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. இருந்து, கல்யாணத்தின்போது சொல்லாமல் விட்டீர்களா. அப்படி இருந்தால் அது பெரிய துரோகம். என் மகனுக்கு முப்பத்திரண்டு வயது. தெய்வாத்தாள் தினம் வருகிறார். நானும் காபி போட்டுக்கொண்டே இருக்கிறேன். உடனே எல்லோரும் கோவைக்குப் போய்ப் பார்த்து முடிவை அனுப்புங்கள்.

மருதாள்


உடுமலைப்பேட்டை
12.7.2006

சம்பந்தியம்மாள் மருதாள் அவர்களுக்கு,

இந்தத் தடவை தபால் தலை ஒட்டியும் கோபம் ஆறவில்லை. கோந்து போட்டும் ஒட்டிப் பார்த்தேன், ஆறவில்லை.

எங்கள் வம்சத்தை எடை போட உங்களுக்கு என்ன உரிமை. எங்கள் பக்கத்தில் தொண்ணூறு வயதுவரை மரம் ஏறினவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் என் மகளுக்காக வாயை மூடிக்கொண்டு கோவைக்குப் போனேன். நான், வீட்டுக்காரர், மகன் சசிகுமார் மூன்று பேரும் அந்த ஆய்வகத்திலேயே உட்கார்ந்து ரத்தம் கொடுத்தோம். என் தம்பி கந்தவேலும் வேனில் ஏறிக்கொண்டான். உன் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை என்று சொல்லியும் அவன் இறங்கவில்லை. "தாய்மாமன் ரத்தம் பாக்காம வம்சம் எப்படிங்கக்கா தெரியும்" என்று சட்டையை மடித்துவிட்டு முதல் ஆளாகப் போனான். ஊசியைக் கண்டதும் நாற்காலியோடு சாய்ந்தான். அவனைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. எங்களுக்கு ரத்தம் எடுத்த நேரத்தைவிட அவனுக்குத் தண்ணீர் தெளித்த நேரம்தான் அதிகம்.

முடிவு எல்லோருக்கும் வந்துவிட்டது. நகல் இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் சரி. எங்கள் லைனில் எல்லா மெஷினிலும் ஆள் இருக்கிறார்கள், பீஸ் ஒழுங்காக விழுகிறது. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது. அதற்கு அந்த இரண்டு பொங்கல்தான் காரணம், வம்சம் இல்லை.

நான் ஒன்றையும் மறைத்துக் கல்யாணம் செய்யவில்லை. துரோகம் என்கிற வார்த்தையை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

இதற்காவது பதில் எழுதுங்கள்.

சுப்புலட்சுமி


உடுமலைப்பேட்டை
5.8.2006

சம்பந்தியம்மாளுக்கு,

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருந்தால் எனக்கு வெடித்துவிடும்.

ஆடிப்பெருக்குக்கு மைதிலி வந்தாள். நான் பால் காய்ச்சி உறை ஊற்ற ஆற வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து அவள் தானாகச் சிரித்தாள். என்ன கண்ணு என்றேன். "எங்க அத்தையா இருந்தா பாலையும் கட்டிங் டேபிள்ல ரிலாக்ஸ் போட்டிருப்பாங்கம்மா" என்றாள். ஒன்றும் புரியாமல் கேட்டேன். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அந்த சி.ஹெச்-50 பரிசோதனைக்கு நர்ஸ் உங்கள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போய், தெளிநீரைப் பிரித்து, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கையோடு கோவைக்கு அனுப்பிவிடுங்கள் என்றிருக்கிறார். வேன் மறுநாள்தான் போகிறது என்று நீங்கள் பெட்டியைத் திறந்தீர்களாம். குழாயைத் தொட்டுப் பார்த்தீர்களாம். மெஷினிலிருந்து வந்த துணியை உடனே வெட்டினால் அளவு தப்பும், ஒரு ராத்திரி விரித்துப் போட்டு இளக விட்டால்தான் அளவு சரியாக நிற்கும், ரத்தம் மட்டும் என்ன, குளிரோடு அளந்தால் தப்பாகத்தானே வரும் என்று சொன்னீர்களாம். அந்தக் குழாயை ஐஸிலிருந்து எடுத்துக் கட்டிங் டேபிளில் மெத்தென்று துணி மடித்து வைத்து, ஃபேன் போட்டுவிட்டுப் போனீர்களாம். காலையில் புது ஐஸ் வைத்து டிரைவர் மொக்கைச்சாமி கையில் கொடுத்தீர்களாம். என் மகள் அது ஆய்வகம் சொன்ன முறை என்று நினைத்துக்கொண்டாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்தில் வேண்டுமென்றே இருமுகிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார். இந்தக் காம்ப்ளிமென்ட் கூட்டம் வெப்பம் தாங்காதாம். சூட்டில் கிடந்தால் அப்படியே செத்துப்போகுமாம். ஐஸிலேயே இருக்க வேண்டும் அல்லது உறைய வைக்க வேண்டும். இருப்பைப் பார்க்கிற சி-3, சி-4 எண்ணில் அவ்வளவாகத் தெரியாது, வேலையைப் பார்க்கிற சி.ஹெச்-50 மட்டும் விழுந்துவிடும். இருப்பு சரியாக இருந்து வேலை பூஜ்யம் என்று வந்தால் முதலில் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதனால்தான் அந்த அம்மாவைக் கேட்டேன், அவங்க மூணு தேசத்தைச் சொன்னாங்க, நான் வாயை மூடிக்கிட்டேன் என்றார். மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்து, அது அழுகையாகிவிட்டது. நீங்கள் ஆறப்போட்டது என் மகளின் ரத்தம். அது அங்கே கிடந்து செத்துப்போனதற்கு எங்கள் வம்சம் ஊசி குத்திக்கொண்டது. கந்தவேல் இன்னும் நாற்காலியைக் கண்டால் யோசிக்கிறான்.

இனி நான் சுற்றி வளைத்துக் கேட்கப்போவதில்லை. மைதிலி இங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவரோடு அவளை அனுப்புவேன். ஆனால் மறுபரிசோதனையில் என்ன எண் வந்தாலும், என் பெண்ணை வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா என்று நீங்கள் உங்கள் கைப்பட எழுத வேண்டும். அனுப்புவதானால் நானே வந்து அழைத்துக்கொள்வேன். அவளுக்கு இங்கே சோறும் இருக்கிறது, நிழலும் இருக்கிறது.

சுப்புலட்சுமி


நெருப்பெரிச்சல்
28.8.2006

அன்புள்ள சம்பந்தியம்மாள் சுப்புலட்சுமி அவர்களுக்கு,

தப்பு என்னுடையது. இதைக் கடிதத்தின் கடைசியில் எழுதலாம் என்று பார்த்தேன். முதலில் எழுதினால்தான் மற்றது எழுத வரும் என்று தோன்றியது.

உங்கள் வீட்டு ரிப்போர்ட்டுகளைப் பார்த்தபோதே எனக்குக் கணக்கு இடித்தது. அதனால்தான் பதில் எழுதவில்லை. உங்கள் எல்லோருக்கும் சரியாக இருக்கிறதே, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் டேபிள் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் துணியை இளக விடாமல் வெட்டி நான் ஒரு ஆர்டரைக் கெடுத்ததில்லை. அந்த நினைப்பில் கை தானாகப் போய்விட்டது. உங்கள் கடிதத்தை முகிலன் சத்தமாகப் படித்துவிட்டான், கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் இப்போது துணி விரிக்கும்போதெல்லாம், "அம்மா, இது துணிதானுங்களே" என்று கேட்டுவிட்டு விரிக்கிறார்.

மறுபடி பரிசோதனைக்கு இந்தத் தடவை கோவை ஆய்வகத்துக்கே போனோம். ரத்தம் எடுத்ததும் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஐஸில்தான் வைத்தார்கள். எவ்வளவு நேரம் ஐஸில் இருக்கும், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்த பெண், நீங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டருங்கம்மா என்று மரியாதையாகக் கேட்டது. பனியன் கம்பெனி என்று சொன்னதும் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டது.

முடிவு வந்துவிட்டது. லைனில் எல்லோரும் இருக்கிறார்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக், லேபிள், ஒரு ஆள்கூடக் குறையவில்லை. சி-3, சி-4 இரண்டும் இருக்க வேண்டிய இடத்திலேயே நிற்கின்றன. இப்படியே தை வரை நின்றால், சில மாத்திரைகளை மாற்றிவிட்டுப் பிள்ளைக்கு யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதும் மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும், பயம் முழுசாகப் போய்விடாது என்றும் சொன்னார். எனக்கு அவர் மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

இனி நீங்கள் கேட்ட கேள்வி.

தைப்பூசத்தன்று தெய்வாத்தாளுக்கு நான் சொன்ன பதில், பார்க்கலாங்க என்பது. காபி என்று உங்களுக்கு எழுதியது அதை எழுத வெட்கப்பட்டுத்தான். அன்று எனக்கு மனசில் இரண்டும் இருந்தது. மகனுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை பொல்லாதது. அதற்குமேல் என்னால் அதை நியாயப்படுத்த முடியவில்லை.

ஆடிக்கு மைதிலி கிளம்பியபோது அவள் பெட்டியை நான்தான் வேனில் தூக்கி வைத்தேன். ரொம்பக் கனமாக இருந்தது. நாலு நாளில் திரும்பி வருகிறவள் கொண்டுபோகிற கனம் இல்லை. அவளோ போயிட்டு வரேனுங்க அத்தை என்று சிரித்துவிட்டுத்தான் ஏறினாள். வேன் போன பிறகு அவள் அலமாரியைத் திறந்தேன். ஒரு புடவைகூட இல்லை. மாத்திரை டப்பாவை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். எனக்குத்தான் என்று சொன்னேன். அவளாக முடிவு செய்துகொண்டு, நம் இருவருக்கும் கஷ்டம் வேண்டாம் என்று சத்தமில்லாமல் போகப் பார்த்திருக்கிறாள். நீங்கள் கவலைப்பட்டது சரிதான், அவள் அழாமல் இருந்தது இதற்குத்தான். இப்போது புடவை எல்லாம் அலமாரிக்கு வந்துவிட்டது. நானே அடுக்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தெய்வாத்தாள் அந்தப் பெருமாநல்லூர்ப் பெண்ணின் ஜாதகத்தோடு வந்தார். மைதிலியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"சாதகமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல அந்தப் புள்ளையோட ரத்தத்துல ஒரு குழாய் எடுத்துட்டு வாங்க. ஒரு ராத்திரி என்ற டேபிள்ல ஆறப்போட்டு அனுப்பறேன். ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சுன்னா மேக்கொண்டு பேசலாங்க."

மைதிலிக்குப் புரை ஏறிவிட்டது. தெய்வாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஜாதகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பேச்சோடு வரமாட்டார்.

துரோகம் என்று நான் எழுதியதை நீங்கள் மறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை. கந்தவேலுக்கு நாலு நல்ல பனியன் அனுப்பியிருக்கிறேன். துவைத்தாலும் அளவு மாறாது, நன்றாக இளகவிட்டு வெட்டிய துணி.

பெண்ணைத் திருப்பி அனுப்புகிறீர்களா என்று கைப்பட எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை அனுப்புவேன். நீங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறீர்களே, அந்த ஒரு தடவைதான். அப்படி ஒரு மாதம் வராமலே போனால் போகட்டும். அப்போது அவளை அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லை.

இப்படிக்கு,
மைதிலியின் மாமியார்
மருதாள்